'அப்போப்டோசிஸ்'னு சொன்னா மருந்தாகிடுமா?

1/ "முள்சீத்தா ஜூஸ் கேன்சர் செல்லைத் தற்கொலை பண்ண வைக்கும், ஆய்வகத்துல நிரூபிச்சாச்சு!" இந்த ஃபார்வர்டை தயவுசெய்து நிறுத்துங்க மக்களே.

2/ செல் தற்கொலை உண்மைதான். அதுதான் அப்போப்டோசிஸ். ஃபாஸ் லிகண்ட், ட்ரெய்ல் போன்ற புரதங்கள் செல்லின் மேலுள்ள 'மரண ஏற்பி'யில் ஒட்டும். உள்ளே கேஸ்பேஸ்-8 விழிக்கும். அது கேஸ்பேஸ்-3ஐ எழுப்பும். அது செல்லை உள்ளிருந்தே வெட்டிப்போடும்.

3/ சிக்கல் என்னன்னா, இந்த ஏற்பிகள் நல்ல செல்லிலும் இருக்கு. 1993ல் ஃபாஸ் ஏற்பியைத் தூண்டும் ஆன்டிபாடியை எலிகளுக்குப் போட்டாங்க. கல்லீரல் சிதைஞ்சு, சில மணி நேரத்துல செத்துப்போச்சு.

4/ ட்ரெய்ல் கொஞ்சம் சாது. நல்ல செல்களைப் பெரும்பாலும் விட்டுடும். எலிகளில் கட்டியும் சுருங்குச்சு. அதையே 'டுலானெர்மின்'னு மருந்தாக்கி, நுரையீரல் கேன்சர் நோயாளிகளுக்கு கீமோவோட கொடுத்தாங்க. 2011ல் முடிவு வந்துச்சு. கீமோ மட்டும் எடுத்தவங்களைவிட ஆயுள் கூடலை.

5/ ஏற்பியைக் குறிவெச்சு, அளவு பார்த்துச் செஞ்ச மருந்துக்கே இந்தக் கதி. ஜூஸ்ல என்ன இருக்கு, ரத்தத்துல எவ்வளவு சேரும்னு யார் அளந்தது? ஆய்வகத் தட்டுல இருக்கிற செல், ப்ளீச்சிங் பவுடர் தண்ணி ஊத்தினாலும்தான் சாகும். அதைக் குடிப்பீங்களா?

6/ ஜூஸ் குடிங்க, நான் சண்டைக்கு வரலை. ஆனா அதை நம்பி கீமோவை நிறுத்திட்டு, ஆறு மாசம் கழிச்சு கட்டி பரவின பிறகு வர்றாங்களே, அவங்க இழந்த ஆறு மாசத்தை யார் திருப்பித் தருவா? ஃபார்வர்ட் பண்ணவரா?