ஸ்கேனர் சொன்னது என்ன, பாஸ் மாற்றியது என்ன?

கொஞ்சம் நீளமான பதிவு. கார், வேன் வைத்திருப்பவர்கள் நேரம் எடுத்து வாசியுங்கள். பழைய வாகனம் ஒன்று வாங்க யோசிப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் லைட் எரிந்தால் நம்மில் அநேகர் செய்வது ஒன்றுதான். கராஜுக்குப் போவோம். அங்கே ஒரு பொடியன் ஸ்டியரிங்குக்குக் கீழே எதையோ செருகி, இரண்டு நிமிடம் டெப்பைத் தட்டிவிட்டு, "ஒட்சிசன் சென்சர் போய்ட்டு சேர், மாத்தணும்" என்பான். கம்பியூட்டரே சொல்லிவிட்டது, இனி நாம் என்ன பேசுவது? காசைக் கட்டி மாற்றுவோம். மூன்று கிழமையில் அதே லைட் திரும்பவும் எரியும்.

எமது கருத்து இதுதான்: கம்பியூட்டர் அப்படிச் சொல்லவே இல்லை. அது ஒரு முறைப்பாட்டைச் சொன்னது, அவ்வளவுதான். காரணத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது மனிதனின் வேலை. அந்த வேலைக்குக் காசு கொடுக்க நாம் பழகாத வரைக்கும், எவ்வளவு விலையான ஸ்கேனர் வந்தாலும் எமது சட்டைப்பையில் ஓட்டைதான்.

பி0171 என்ற கோடை எடுத்துக்கொள்வோம். அடிக்கடி வருகிற ஒன்று. "கலவையில் பெற்றோல் குறைவு, காற்று கூட" என்பதுதான் அதன் பொருள். இதைக் கம்பியூட்டருக்கு அறிவித்தது சைலன்சர் குழாயில் இருக்கும் ஒட்சிசன் சென்சர். காற்று கூடியதற்குக் காரணம் எங்கோ வெடித்த ஒரு ரப்பர் குழாயாக இருக்கலாம். உள்ளே போகும் காற்றை அளக்கும் சென்சரில் தூசு படிந்திருக்கலாம். பெற்றோல் பம்ப் களைத்திருக்கலாம், இன்ஜெக்டர் அடைத்திருக்கலாம். ஒட்சிசன் சென்சரே பழுதாகவும் இருக்கலாம், இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் எதையும் பார்க்காமல் முதல் வேலையாக அதைக் கழற்றி வீசுவது, "சேர், பின்வாங்கில் சண்டை பிடிக்கிறாங்க" என்று வந்து சொன்ன மொனிட்டருக்கே அடி போடுவது போன்றது.

எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் வாகனம் வைத்திருப்பவர்கள் ஏழு பேர். அக்வா இரண்டு, வேகன் ஆர் இரண்டு, அக்ஸியோ ஒன்று, பழைய விட்ஸ் ஒன்று, அல்டோ ஒன்று. எல்லாம் கடனில் வாங்கியவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறக்க 2025 ஆகிவிட்டது. பத்து வருடம் ஓடியதை இன்னும் பத்து வருடம் ஓட்ட வேண்டிய நிலையில்தான் எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம். 2022க்குப் பிறகு ஸ்பெயார் பார்ட்ஸ் விலை எங்கே போனது என்று நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த அக்ஸியோவுக்குத்தான் பி0171 வந்தது. ஒரு கராஜில் ஒட்சிசன் சென்சரை மாற்றினார்கள். லைட் அணைந்தது. பதினைந்தாம் நாள் மீண்டும் எரிந்தது. அடுத்து காற்றை அளக்கும் சென்சரையும் மாற்றச் சொன்னார்கள். அந்த இடத்தில்தான் ஏழு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, போனில் வேலை செய்யும் ஒரு சின்ன புளூடூத் ரீடர் வாங்கினோம். சில ஆயிரம் ரூபா. மாற்றிய சென்சரின் விலையில் அது ஒரு மூலைக்கும் காணாது.

கோடை விட்டுவிட்டு லைவ் டேட்டாவைப் பார்த்தோம். அதில் ஃபியூவல் ட்ரிம் என்று ஒரு எண் வரும். வழமையான அளவை விட எவ்வளவு பெற்றோலை எஞ்சின் கம்பியூட்டர் கூட்டிக் கொடுக்கிறது அல்லது குறைக்கிறது என்று அது வீதத்தில் சொல்லும். பூச்சியத்துக்கு அண்மையில் இருந்தால் நல்லது. வாகனம் நின்ற இடத்தில் இயங்கும்போது அக்ஸியோவில் அது +22. எக்சலேட்டரை மிதித்து 2,500 சுற்றுக்குக் கொண்டு போனால் +5க்கு இறங்கியது.

இந்த இரண்டு எண்களுக்குள் விடை இருக்கிறது. ஓட்டை வழியாகக் களவாக நுழையும் காற்று பெரிதாகக் கூடாது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது மொத்தக் காற்றே கொஞ்சம், ஆகவே களவு பெரிதாகத் தெரியும். வேகம் கூடினால் மொத்தமும் கூடும், களவு அதில் மறைந்துவிடும். மாதம் இரண்டாயிரம் ரூபா காணாமல் போனால் சின்னச் சம்பளக்காரனுக்கு உடனே தெரியும், பெரிய சம்பளக்காரனுக்குத் தெரியாது. அதே கணக்குத்தான். மாறாக, மிதிக்க மிதிக்க எண் கூடிக்கொண்டு போனால் பெற்றோல் பம்ப், பில்டர் பக்கம் தேட வேண்டும்.

இந்த எண்களை எழுதிக்கொண்டு வயதான பாஸ் ஒருவரிடம் போனோம். அவரிடம் ஸ்கேனர் கிடையாது. எண்களின் அர்த்தத்தைச் சொன்னதும் தலையை ஆட்டிவிட்டு பொனட்டைத் திறந்து காதைக் கொடுத்துக் கேட்டார். எஞ்சின் மேல்மூடியிலிருந்து இன்டேக் மெனிபோல்டுக்குப் போகும் விரல் தடிப்பு ரப்பர் குழாய், அடிப்பக்கத்தில் வெடித்திருந்தது. இருபது நிமிட வேலை. "குழாய்ட காச மட்டும் தாங்க சேர், இதுக்கு என்ன கூலி" என்றார்.

இங்கேதான் பிரச்சினையின் வேர் இருக்கிறது. பிழையான சென்சரைப் போட்டவருக்குப் பாகத்தில் இலாபமும் கிடைத்தது, கூலியும் கிடைத்தது. சரியாகக் கண்டுபிடித்தவருக்கு ஒரு குழாயின் விலை. "சும்மா பார்த்ததுக்கா காசு?" என்று கேட்கும் பழக்கம் எமது ஊர்களில் ஊறிப்போனது. டொக்டருக்கு மட்டும் பார்த்ததற்குக் காசு கொடுக்கிறோம். பாஸுக்கு எதையாவது மாற்றினால்தான் கொடுக்கிறோம். பிறகு அவர் எதற்கெடுத்தாலும் மாற்றச் சொல்கிறார் என்று குறை சொல்வதில் நியாயம் இல்லை. பார்ப்பதற்குக் கூலியை முதலிலேயே பேசுங்கள். "ஒரு மணித்தியாலம் சோதிச்சுப் பாருங்க, எதையும் மாத்தாட்டியும் இவ்வளவு தாறோம்" என்று சொல்லிப் பாருங்கள். அந்த வயதான பாஸுக்கு நாங்கள் வற்புறுத்தித்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

இனி, ரீடர் வாங்குவது பற்றி. சந்தையில் மலிவாகக் கிடைப்பவை எல்லாம் ஈஎல்எம்327 என்ற பெயரில்தான் வரும். அது கனடாவில் ஈஎல்எம் என்ற நிறுவனம் செய்த ஒரு சிப். முதல் பதிப்பைப் பிரதி எடுக்க முடியாதபடி பூட்டாமல் விட்டார்கள், உலகம் முழுக்கக் கொப்பி அடித்தார்கள். 2022இல் அந்த நிறுவனமே மூடப்பட்டுவிட்டது. ஆகவே இன்று கடையில் இருப்பவற்றில் அநேகம் கொப்பிதான். பெட்டியில் அச்சடித்த பதிப்பு எண்ணை நம்ப வேண்டாம். 1.5 என்று ஒரு பதிப்பை அந்த நிறுவனம் வெளியிட்டதே இல்லை. ஆனாலும் 1.5 என்று விற்கும் கொப்பி, 2.1 என்று விற்கும் கொப்பியை விட நன்றாக வேலை செய்வதும் உண்டு! கடையிலேயே உங்கள் வாகனத்தில் செருகி, லைவ் டேட்டா வருகிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள். ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு சாதாரண பழைய புளூடூத் ரீடர் சரிவராது. வைஃபை அல்லது புளூடூத் எல்ஈ உள்ளதைக் கேளுங்கள்.

சொக்கட்டில் 16 ஊசி இருந்தால் எல்லாம் பேசும் என்றும் நினைக்கக் கூடாது. அமெரிக்காவில் விற்கும் கார்களுக்கு ஓபிடி-2 முறை 1996இலிருந்து கட்டாயம். எமக்கு வருபவையோ அநேகமாக ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்தவை. அவற்றில் பழையவை சில, சொக்கட் இருந்தும் பொது மொழி பேசாது. எங்கள் விட்ஸ் அந்த ரகம்தான். எத்தனை அப் போட்டாலும் "இணைக்க முடியவில்லை" என்றே வருகிறது.

ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் டொக்டர் பிரியஸ், ஹைபிரிட் அசிஸ்டன்ட் போன்ற அப்களைப் பாருங்கள். நிசான் லீஃபுக்கு லீஃப் ஸ்பை இருக்கிறது. அக்வாவின் பெரிய பற்றரியில் 20 மொடியூல்கள், மொத்தம் 144 வோல்ற். மூன்றாம் தலைமுறை பிரியஸில் 28 மொடியூல்கள், 201.6 வோல்ற். பி0ஏ80 என்ற கோட் வந்தால் பெயரிலேயே "பற்றரியை மாற்று" என்று இருக்கும். அதனால்தான் அதைக் கண்டவுடன் இலட்சக் கணக்கில் விலை பேசத் தொடங்குகிறார்கள். உண்மையில் மொடியூல் தொகுதிகளுக்கு இடையே வோல்ற் வித்தியாசம் அளவை மீறிவிட்டது என்பதைத்தான் கம்பியூட்டர் கண்டிருக்கிறது. பற்றரி முடிந்தும் இருக்கலாம். இணைப்புத் தகடுகளில் பச்சைப் பாசி பிடித்தும் இருக்கலாம். எந்தத் தொகுதி, எவ்வளவு வித்தியாசம் என்று அப்பில் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பின்சீற்றுப் பக்கம் இருக்கும் காற்றுத் துவாரத்தில் தூசு அடைத்தால் பற்றரி சூடாகி ஆயுள் குறையும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறோம். அந்தத் துவாரத்தை பாயாலும் பையாலும் மூடிக்கொண்டு ஓடுபவர்கள் எத்தனை பேர்! செம்மஞ்சள் நிற வயர்களில் மட்டும் கை வைக்க வேண்டாம். அது உயிர் விடயம்.

ஏபிஎஸ், எயார்பேக் லைட்டுகளை மலிவு ரீடர்கள் பொதுவாக வாசிக்காது. அவற்றுக்கு அடுத்த தரத்தில் உள்ள கருவி வேண்டும். அப்படியானவற்றில் சில, முதல் வருடம் இலவசமாக ஓடிவிட்டு அதன் பிறகு வருடாவருடம் காசு கேட்கும். வாங்க முன்னர் விசாரியுங்கள். எமது அபிப்பிராயத்தில் வீட்டுக்கு அது தேவையில்லை. அந்த வேலைக்கு நல்ல கருவி வைத்திருக்கும் கராஜுக்குப் போய், பார்த்த கூலியைக் கொடுப்பதுதான் இலாபம்.

பழைய வாகனம் வாங்கும் இடத்தில்தான் இந்தச் சின்னக் கருவி தன் விலையைப் பத்து மடங்கு திருப்பித் தரும். சக ஆசிரியர் ஒருவரின் மச்சானுக்கு ஒரு அக்வா பார்க்கப் போனோம். பளபளவென்று இருந்தது. லைட் எதுவும் இல்லை, கோடும் இல்லை. ஆனால் "கோட் அழித்த பின் ஓடிய தூரம்" என்று ஒரு எண் இருக்கிறது. அது 11 கிலோமீற்றர் காட்டியது. வாகனம் தன்னைத்தானே சோதித்து முடிக்கும் மொனிட்டர்கள் என்று ஒரு பட்டியலும் உண்டு. அதில் பாதி "முடியவில்லை" என்று இருந்தது. அதாவது, அன்று காலையிலோ முதல் நாளோ யாரோ நினைவகத்தைத் துடைத்திருக்கிறார்கள். செட் பூட்டுவதற்காக பற்றரியைக் கழற்றியதாக விற்பவர் சொன்னார். அதுவும் நடக்கக்கூடியதுதான், பற்றரியைக் கழற்றினாலும் இப்படிக் காட்டும். அப்படியானால் ஒரு கிழமை வழமை போல ஓடுங்கள், அடுத்த வெள்ளி வந்து பார்க்கிறோம் என்றோம். வெள்ளிக்கு முதலே வாகனம் விற்றாகிவிட்டது என்று செய்தி வந்தது. அதில் என்ன இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது. யாரையும் குற்றம் சொல்லவும் இல்லை. ஆனால் அந்த மச்சானின் சேமிப்பு முழுவதும் அந்த ஒரு எண்ணில் நின்றது.

புகைப் பரிசோதனையில் பாஸ் ஆன வாகனம்தானே என்று சிலர் கேட்பார்கள். அங்கே சைலன்சரில் வரும் புகையைத்தான் அளக்கிறார்கள். கோட் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

இதே காரணத்துக்காகத்தான் லைட் எரிந்தவுடன் "கிளியர்" பொத்தானை அமத்த வேண்டாம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். கோட் பதிந்த அந்த நொடியில் வேகம் என்ன, எஞ்சின் சூடு என்ன, சுற்று என்ன என்று கம்பியூட்டர் ஒரு படம் பிடித்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். அழித்தால் அதுவும் போய்விடும். பாஸுக்குக் கிடைத்திருக்க வேண்டிய சாட்சியை நாமே அழித்த மாதிரி. கராஜிலும் அழிக்க முன்னர் போனில் ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள். நல்ல பாஸ் கோபிக்க மாட்டார்.

லைட் விட்டு விட்டு மின்னினால் மட்டும் கோடு பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம். சிலிண்டரில் எரியாத பெற்றோல் சைலன்சர் பக்கம் போய்க் கட்டலிட்டிக் கொன்வர்ட்டரை எரித்துவிடும். மெதுவாக ஓரம் கட்டுங்கள், முதலில் எஞ்சினை நிறுத்துங்கள்.

எங்கள் ரீடர் ஓய்வறை அலுமாரியின் இரண்டாவது தட்டில் இருக்கிறது. பெற்றோர்களும் வந்து கேட்கிறார்கள், கொடுக்கிறோம். எடுப்பவர்கள் கோடையும் திகதியையும் பக்கத்தில் இருக்கும் கொப்பியில் எழுதிவிட்டுப் போகவும். இரவில் சொக்கட்டிலேயே விட்டுவிட வேண்டாம். சாவியைக் கழற்றினாலும் அந்த ஊசியில் கரண்ட் ஓடும், நாலைந்து நாள் நிற்கும் வாகனமென்றால் பற்றரி இறங்கிவிடும்.