வரிசை முதலில், போராட்டம் பிறகு

2022இல் இலங்கை நொடித்ததற்குத் தெருப் போராட்டமே காரணம் என்று இன்றும் பேசுகிறார்கள். உறுதியான ஆட்சியை ஆட்டம் காணச் செய்தார்களாம், பொருளாதாரம் படுத்துவிட்டதாம்.

தேதிகளைப் பாருங்கள். காலிமுகத்திடலில் இளைஞர்கள் திரண்டது ஏப்ரல் 9. வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு கைவிரித்தது ஏப்ரல் 12. மூன்றே நாளில் கஜானா காலியாகுமா? மார்ச்சிலேயே எரிபொருள் வரிசையில் நின்ற முதியவர்கள் இறந்துபோனார்கள். தாள் இல்லாததால் மேல் மாகாணப் பள்ளிகளில் தவணைப் பரீட்சை தள்ளிப்போனது.

ஆட்சி பலவீனமாகவா இருந்தது? 2020 தேர்தலில் 225இல் 145 இடம். கூட்டாளிகளோடு மூன்றில் இரண்டு பங்கு. 20ஆவது திருத்தம் ஜனாதிபதியின் கையில் அதிகாரத்தைக் குவித்தது. அவருடைய அண்ணன் பிரதமர், 2021 ஜூலையில் தம்பி நிதியமைச்சர். இதைவிட 'நிலையான' ஆட்சி எப்படி இருக்கும்?

அந்த உறுதிதான் வினையானது. பதவிக்கு வந்த கையோடு வாட் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆக்கினார்கள். பிறகு கொரோனா சுற்றுலா வருமானத்தையும் துடைத்துவிட்டது. அது அவர்கள் குற்றமல்ல. ஆனால் 2021இல் ஒரே உத்தரவில் ரசாயன உர இறக்குமதியைத் தடுத்தது யார்? வேளாண் அறிஞர்கள் எச்சரித்தார்கள். விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். நவம்பரில் தடையை விலக்கியபோது பெரும்போக விதைப்புக் காலம் வந்துவிட்டிருந்தது. நெல் விளைச்சல் சரிந்து, அரிசியில் தன்னிறைவு கண்டிருந்த நாடு அதை இறக்குமதி செய்தது. 'வேண்டாம்' என்று தடுக்கும் பலம் நாடாளுமன்றத்தில் எவருக்கும் இருக்கவில்லை.

நிலையின்மை நல்லது என்று நான் சொல்லவில்லை. 2018 அக்டோபரில் இருவர் ஒரே நேரத்தில் 'நானே பிரதமர்' என்றபோது தரமதிப்பீட்டு நிறுவனங்கள் நாட்டின் மதிப்பைக் குறைத்தன. அந்தக் குழப்பத்தைத் தொடங்கிவைத்ததும் தெரு அல்ல, அப்போதைய ஜனாதிபதி.

இரும்புக்கரம் இல்லாமல் மீள முடியாது என்பதும் பொய்த்தது. 2022 போராட்டத்துக்குப் பின் ஜனாதிபதியாக வந்த ரணில் விக்கிரமசிங்கவின் கட்சிக்கு இருந்தது ஒரே ஒரு தேசியப் பட்டியல் இடம். பழைய ஆளுங்கட்சியின் தயவில்தான் ஆண்டார். அவர் காலத்தில்தான் 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் கடன் கிடைத்தது. ஏறக்குறைய 70 சதவீதம் வரை போன பணவீக்கம் அவ்வாண்டு ஜூலையில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது.

2021இல் 13 சதவீதமாக இருந்த வறுமை மறு ஆண்டு 25 சதவீதமானது என்கிறது உலக வங்கி. அந்தக் கணக்கைப் போராடியவர்கள் தலையில் எழுதாதீர்கள்.