குதிப்பையும் எண்ணுங்கள்
நார்வேயில் 16 முதல் 18 வயதுள்ள 141 கைப்பந்து மாணவர்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2013இல் வெளியானது. முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாண் நோகும் 'குதிப்போர் முழங்கால்' 28 பேருக்கு வந்தது; 22 பேர் பையன்கள். பயிற்சி நேரம் கூடக்கூட ஆபத்து கூடியது. வாரத்தில் ஆடும் செட்கள் கூடினாலோ இன்னும் வேகமாகக் கூடியது. 'வளர்கிற வயது, தானாகச் சரியாகிவிடும்' என்பார்கள். வளர்ச்சி வலி பெரும்பாலும் இரவில், இரு கால்களிலும் வரும். குதிக்கும்போது ஒரே இடத்தில் குத்துவது வேறு சங்கதி. குதிக்காமல் எப்படி ஸ்மாஷ் அடிப்பது என்ற கேள்வி நியாயம்தான். ஆனால் பள்ளி, கிளப், தேர்வு அணி என எல்லோரும் இழுப்பது நன்றாகக் குதிக்கும் அதே பையனைத்தான். அவனுடைய குதிப்புகளின் மொத்தக் கணக்கு யாரிடமும் இல்லை. போட்டி நெருக்கும் வாரத்தில் பயிற்சிக் குதிப்பைக் குறைக்கலாம். சர்வீஸ் போடுவதைத் தரையில் நின்றே பழகலாமே.