டாலர் தானமும் ஆப்பிரிக்கத் தொழிலாளியின் உயிரும்

2025 ஜனவரி 20ந் தேதி டிரம்ப் மீண்டும் அமெரிக்க ஜனாதிபதியானார். அன்றே ஓர் உத்தரவில் கையெழுத்திட்டார்: அயல்நாட்டு உதவி 90 நாட்களுக்கு நிறுத்தம்! ஆப்பிரிக்காவின் எய்ட்ஸ் தடுப்பு வேலை ஸ்தம்பித்தது.

உலகம் காறித் துப்பியதும் “உயிர் காக்கும் சிகிச்சைக்கு விலக்கு” என்றார்கள். நோய் வந்தவனுக்கு மருந்து உண்டு. நோய் வராமல் தடுக்கும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பணமில்லை! ஆண்களுக்கு நுனித்தோல் நீக்கும் சிகிச்சையும், அதாவது நாம் சுன்னத்து என்கிறோமே அதுவும், இந்த விலக்கில் சேரவில்லை.

“சுன்னத்துக்கும் எய்ட்ஸுக்கும் என்ன சம்பந்தம்?” என்று தோழர்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. நுனித்தோலின் உட்புறம் மெல்லியது, எச்.ஐ.வி. கிருமி அதன் வழியே எளிதில் புகும். தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆகிய 3 நாடுகளில் ஆராய்ந்தார்கள். பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றும் அபாயம் 100க்கு 50 முதல் 60 பங்கு குறைந்தது. 2007 மார்ச்சில் உலக சுகாதார ஸ்தாபனமே இதைச் சிபாரிசு செய்தது. 2008 முதல் கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவில் 3 கோடிக்கு மேற்பட்ட ஆண்களுக்கு இலவசமாகச் செய்தார்கள். ஒரு முறை செய்தால் ஆயுளுக்கும் பலன். பணத்தில் பெரும்பகுதி, 2003ல் புஷ் தொடங்கிய ‘பெப்ஃபார்’ என்ற அமெரிக்க நிதியிலிருந்து வந்தது.

இது வெள்ளையனின் சதி என்று சிலர் பேசுகிறார்கள். அது தவறு! விஞ்ஞானம் எந்த முதலாளியின் பாட்டன் சொத்தும் அல்ல. நம் சண்டை சிகிச்சையோடு அல்ல. பணப்பையின் கயிற்றைப் பிடித்திருக்கும் கையோடுதான்.

தலை எண்ணும் தர்மம்

பணம் கொடுத்தவன் கணக்குக் கேட்டான். இத்தனை லட்சம் பேர் என்று ஆண்டுதோறும் இலக்கு! 10 முதல் 14 வயதுச் சிறுவர்களும் லட்சக்கணக்கில் அந்தக் கணக்கில் ஏறினார்கள். அவர்களில் சிலருக்குக் கடுமையான சிக்கல்கள் நேர்ந்த பின், 2020ல்தான் பெப்ஃபார் வயது வரம்பை 15 ஆக உயர்த்தியது.

பெண்களின் கதி என்ன? சகாராவுக்குத் தெற்கே புதிதாகத் தொற்றுக்கு ஆளாவோரில் பாதிக்கு மேல் பெண்களும் சிறுமிகளுமே. சுன்னத்து அவர்களை நேரடியாகக் காப்பதில்லை. ஆணுக்கும் அது முழுக் கவசமல்ல. ஆணுறை வேண்டும், பரிசோதனை வேண்டும், மருந்து வேண்டும். இவற்றுக்கு ஊர்தோறும் ஆஸ்பத்திரி வேண்டும்.

நோயை வளர்த்தது யார்?

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்கு லெசோத்தோ, மொசாம்பிக், மலாவி ஆகிய நாடுகளிலிருந்து ஆட்களைத் திரட்டினார்கள். மனைவி மக்களைக் கூட அழைத்துவரத் தடை. ஆண்களை மட்டும் கொட்டடிகளில் அடைத்தார்கள். வருஷத்தில் சில நாட்களே வீடு. குடும்பத்தை உடைத்த இந்தக் கூலிமுறைதான் நோய் பரவப் பாதை போட்டது. தங்கம் எங்கே போனது? 1917ல் அமைந்த ஆங்கிலோ அமெரிக்கன் கம்பெனியின் மூலதனத்தில் அமெரிக்க வங்கி முதலாளி மார்கனின் பணமும் இருந்தது. எடுத்தது மலையளவு, கொடுத்தது கடுகளவு, அதற்குப் பெயர் தர்மமாம்!

“அந்தச் சர்க்கார்களே செலவு செய்யட்டுமே” என்கிறார்கள் டாலர் பக்தர்கள். எங்கிருந்து செய்வது? சுகாதாரத்துக்கோ கல்விக்கோ செலவிடுவதைவிடக் கடன் வட்டிக்கு அதிகம் கட்டும் நாடுகளில் 330 கோடி மக்கள் வாழ்வதாக ஐ.நா. 2024ல் கணக்கிட்டது. கழுத்தில் வட்டிக் கயிற்றை மாட்டிவிட்டு, “சொந்தக் காலில் நில்” என்பது யோக்கியமா?

நிறுத்திய பணத்தைக் கொடு. அது பிச்சையல்ல, பழைய பாக்கி! கடனை ரத்து செய்! சுரங்க லாபத்துக்கு வரி போட்டு ஆஸ்பத்திரி கட்டு! தொழிலாளி குடும்பத்தோடு வாழ வீடு கொடு!

கூலியைப் போலவே வைத்தியமும் தொழிலாளியின் உரிமை. ஒருவன் தயவில் வரும் உரிமை, அவன் ஒரு கையெழுத்துப் போட்டால் போய்விடும். போராடிப் பெற்று மக்கள் சர்க்காரின் சட்டத்தில் எழுதிய உரிமையே நிலைக்கும். ஆப்பிரிக்கத் தொழிலாளியின் இந்தக் கோரிக்கை நம்முடைய கோரிக்கையும்தான்!