முதல் அடி யாருக்கு?

கரம் ஆட்டத்தில் வல்லவர் எளியவருக்கு விட்டுக்கொடுத்து ஆடுதல் தகுமா? பழைய மாணவரும் இன்றைய மாணவரும் ஒரே பலகையைச் சுற்றி அமரும்போதெல்லாம் இவ்வினா எழாமற் போவதில்லை. சலுகையால் வெல்வது வெற்றியாகாது என இளைஞர் சிலர் முகஞ்சுளிக்கின்றனர். நாம் அவர்களோடு உடன்படோம்.

பிலியட் மேசையில் வல்லவன் எளியவனுக்கு முன்னதாகவே புள்ளிகளை ஈந்து ஆடுவது ஆங்கிலேயரிடையே நெடுநாள் வழக்கு. அவர் மரபில் வந்த ஸ்நூக்கர் ஆட்டமே 1875இல் ஜபல்பூரில், படை அதிகாரிகளிடையே பிறந்தது. ஊவா மலைத் தோட்டத் துரைமாரும் அம்மரபினரே. தம்முள் ஏற்றத்தாழ்வை இவ்வளவு நுட்பமாக அளந்து சமன்செய்தவர்களின் கழகங்களுள் நம் பாட்டன்மார் தட்டேந்தி மட்டுமே நுழைந்தனர் என்பது வேறு கதை. லயத்து முற்றத்தில் நமக்குக் கிட்டியது கரம் பலகை.

கரத்தில் எவ்வாறு விட்டுக்கொடுப்பது? ஆட்டம் 25 புள்ளிக்கு. எட்டுப் புள்ளியை முன்னரே கொடுத்தால் எளியவர் பதினேழே சேர்க்கவேண்டும். ஆனால் 22 புள்ளியை எட்டியவருக்குச் சிவப்புக் காயின் மூன்று புள்ளி கிடையாது. முன்புள்ளி பெற்றவர் அவ்வெல்லையை விரைந்து அடைகிறார். அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. முதல் அடி வல்லவரிடம் இருப்பின், ஒன்பது வெள்ளையையும் சிவப்பையும் ஒரே முறையில் வீழ்த்தி, எதிரே இருப்பவரைக் கைகட்டி நிற்கவைத்துவிடுவார். அடிக்கவே வாய்ப்பில்லாதவனுக்கு முன்புள்ளி என்ன செய்யும்?

ஆகவே எல்லாச் சுற்றிலும் முதல் அடியை எளியவருக்கே கொடுக்கவேண்டும் என்போம். அமெரிக்காவில் ஆடப்படும் 'ஒன் பொக்கெட்' என்னும் ஆட்டம் இதற்கு நல்ல சான்று. பதினைந்து பந்துகள், ஒருவருக்கு ஒரு குழி, எட்டுப் பந்தை முந்தி வீழ்த்தியவர் வெல்வார். அங்கே வல்லவர் ஒன்பதும் எளியவர் ஏழும் எடுத்தால் போதுமென்று பேசிக்கொள்வதுண்டு. அத்தோடு முதல் அடியையும் தனிச் சலுகையாகக் கொடுப்பர். அவ்வடி பந்துகளைச் சிதறடிப்பதற்கன்று; ஓரத்தை மெல்லத் தொட்டுப் பந்துகளைத் தன் குழிப் பக்கம் சாய்த்து, அடிக்கும் பந்தை எதிரிக்கு உதவாத மூலையில் ஒதுக்குவதற்கு.

நம் மாணவரோ முதல் அடி கையில் வந்ததும் பலகை அதிர ஓங்கி அடிக்கின்றனர். காய்கள் நாற்புறமும் சிதற, கறுப்புக்காரர் மகிழ்கிறார்! விதிப்படி ஸ்ட்ரைக்கர் ஒரு காயைத் தீண்டினாலே முதல் அடி முடிந்ததாகும். குழியை நோக்கி நிற்கும் வெள்ளையொன்றை அளவான விசையில் முயன்றால், அது விழாவிடினும் கூட்டம் பெரிதும் கலையாது. வல்லவருக்கும் எளிதில் காய் கிட்டாது. இதனைக் கற்பித்த பின்னரே முதல் அடியை அவர் கையில் கொடுக்கவேண்டும்.

தொடர்ந்து இரண்டு ஆட்டம் வென்ற மாணவருக்கு முதல் அடி வழக்கம்போல் மாறிமாறி வரட்டும். மூன்றாவதையும் வென்றால், சலுகை கேட்கும் முறை பழைய மாணவருடையது.