தீப்பெட்டிக்குள் ஒரு குதிரை

விடுமுறைக்குத் தொண்டியிலுள்ள மாமன் வீட்டுக்குப் போய்வந்த நமது மாணவன் ஒருவன், சென்ற வாரம் தீப்பெட்டி ஒன்றைத் திறந்து மேஜைமீது வைத்தான். உள்ளே காய்ந்து சருகாகிப்போன ஒரு ஜந்து. குதிரைத் தலை, கொடிபோல் சுருண்ட வால். கோழித் தீவனத்துக்காகக் கரையில் உலர்த்தியிருந்த பொடிமீன் குவியலில் கிடந்ததாம்.

"ஐயா, இது மீனா, பூச்சியா?" என்று கேட்டான்.

மீன்தான், ஐயமில்லை. செவுளும் துடுப்பும் உடைய கடற்குதிரை. இதற்குச் செதில் கிடையாது. எலும்புத் தகடுகளே கவசம். நிமிர்ந்து நின்றபடியே நீந்தும். ஆயினும் வேகம் மிக அற்பம். பல்லுமில்லை, இரைப்பையுமில்லை, ஆகவே நுண்ணிய இறாலினங்களை ஓயாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கவேண்டும். இதன் இல்லறமோ எல்லாவற்றினும் விசித்திரம். பெண் தன் முட்டைகளை ஆணின் பையில் இட்டுவிடுகிறது. சுமார் மூன்று வாரம் சுமந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகளை ஈனும் பாக்கியம் தந்தைக்கே! இதைச் சொன்னதும் மாணவிகள் சிரித்த சிரிப்பு அடங்கச் சிறிது நேரமாயிற்று.

நீந்த வலுவற்ற இப்பிராணிக்குப் பாக் விரிகுடாவின் கடற்புல் வெளிகளே புகலிடம். கடற்புல் பாசியன்று, வேரும் பூவும் உடைய செடி. வெயில் அடித்தரைவரை எட்டும் ஆழமற்ற நீரிலேயே அது தழைக்கும். அந்தப் புல்லை வாலால் பற்றிக்கொண்டுதான் கடற்குதிரை நீரோட்டத்துக்குத் தப்புகிறது.

அயல்நாட்டு மருந்துக்கென இதைப் பிடித்து உலர்த்தி விற்ற வியாபாரத்தை 2001-ஆம் ஆண்டில் நமது வனவிலங்குச் சட்டம் தடுத்தது. நல்லதே. ஆனால் சட்டம் கையைத்தான் தடுக்கும். வலைக்குக் கண் ஏது? கடலடியை வாரிச் செல்லும் இழுவலை, இறாலோடு குதிரையையும் புல்லையும் சேர்த்தே அள்ளிவருகிறது. கடன்பட்டுப் படகு வாங்கிய மீனவரை மட்டும் நோவது நியாயமாகாது. மலிவாக இறால் கேட்கும் நமக்கும் இதில் பங்குண்டு.

2022-இல் தஞ்சை, புதுக்கோட்டைக் கரைகளையொட்டி 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைக் கடற்பசுவுக்கெனத் தமிழக அரசு காப்பகமாக்கியது. கடற்பசுவின் உணவு கடற்புல்லே. ஆதலால் பசுவுக்கு இட்ட வேலி குதிரைக்கும் காவலாகும். அவ்வேலிக்கு வெளியேயும் புல்வெளிகள் உண்டு என்பதை மறக்கலாகாது.

மாணவன் தீப்பெட்டியை மூடினான். "இதை உயிரோடு எங்கே பார்க்கலாம், ஐயா?" என்றான்.

புல் இருக்குமிடத்தில் என்றோம். அவன் பெரியவனாகும்போதும் இந்த விடை மெய்யாக இருக்கவேண்டும் என்பதே நமது கவலை.