தீவுப் பள்ளியில் உபாத்தியாயர்

வெளி தேசத்தில் உபாத்தியாயர் வேலை என்றால் நம்மவர் மனத்தில் உடனே எழுவது பனி பெய்யும் நகரமும் கம்பளிச் சட்டையுமே ஆகும். கன்னியாகுமரிக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 600 கிலோமீட்டரில், அதாவது சென்னைக்கும் குமரிமுனைக்கும் உள்ள தூரத்திலேயே, ஒரு தனித் தேசம் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் சென்ற ஆசிரியர்கள் பல்லாண்டுகளாக அங்கே கரும்பலகைக்கு முன் நின்று வருகிறார்கள். ஆயினும் அந்தத் தேசத்தைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே எழுவதில்லை. மாலத்தீவைத்தான் சொல்லுகிறோம். அங்கே ஒரு சிறு தீவில் கணிதமும் பூகோளமும் கற்பிக்கச் சென்று குடியமர்ந்த விவரத்தை எழுதும்படி நேயர் சிலர் கேட்டிருக்கின்றனர். போக எண்ணியிருப்போருக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறோம்.

முதலில் பணத்தைப் பற்றிய பேச்சை முடித்துவிடுவோம். ஒப்பந்தத்தைக் கையில் வாங்கி, ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்க்காமல் கப்பலோ விமானமோ ஏறலாகாது. சம்பளம் எவ்வளவு, வீட்டு வாடகை யாருடைய பொறுப்பு, விடுமுறைக்கு ஊர் வந்து போகும் செலவு யாருடையது என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். இடையில் நிற்கும் தரகர் வாயால் சொல்லும் வாக்குறுதி கடல் காற்றோடு போய்விடும். சம்பளம் அந்நாட்டு ரூஃபியாவில் கிடைக்கிறது. அதை டாலராக்கி ஊருக்கு அனுப்புவதில் அவ்வப்போது கட்டுப்பாடுகள் வருகின்றன. மாதம் பிறந்ததும் ஊரில் கடன்காரர் வாசலில் நிற்பார் என்ற நிலையில் உள்ளவர்கள் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நலம்.

இனித் தீவுக்கு வருவோம். சுமார் 1,200 தீவுகளில் மக்கள் குடியிருப்பவை இருநூற்றுக்கும் குறைவே. எல்லாம் பவழப் பாறையின்மேல் அமர்ந்தவை. இயற்கையான மிக உயர்ந்த நிலமும் கடல் மட்டத்துக்கு மேல் இரண்டரை மீட்டரை எட்டாது. நம் கிராமத்து ஏரிக்கரை ஒன்றை அங்கே கொண்டுபோய் வைத்தால் அதுவே தேசத்தின் இமயமலையாகிவிடும்! பூகோளப் புஸ்தகத்திலோ, நதியின் மேற்பகுதி, நடுப்பகுதி, கழிமுகம் என்று முழு அத்தியாயம் இருக்கிறது. நதியையே பார்த்திராத குழந்தைக்குக் கழிமுகத்தை எப்படி விளக்குவது? மழை நாளில் பள்ளி முற்றத்து மணலில் நீர் ஓடி வழி வகுப்பதைக் காட்டித்தான் நாம் பாடம் நடத்தினோம். அதே குழந்தைகள் பவழத்திட்டின் உட்கடல், வெளிக்கடல், இடையே நீரோட்டம் புகும் வாய் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் சொல்லி நமக்குப் பாடம் நடத்தினார்கள். பவழத் தீவுக் கூட்டத்தைக் குறிக்க உலகம் முழுவதும் வழங்கும் 'அட்டோல்' என்ற சொல்லே இவர்கள் பாஷையிலிருந்து இங்கிலீஷுக்குப் போனதுதான்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பவர்கள் பலர். மீன் உண்பவருக்குக் கவலையில்லை. சூரை மீனை வேகவைத்த தெளிந்த சாற்றுக்குக் கருதியா என்று பெயர். துருவிய தேங்காயும் வெங்காயமும் மிளகாயும் மீனும் கலந்த மஸ் ஹுனியை ரோஷி என்னும் ரொட்டியோடு காலையில் உண்பார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தவருக்கு மாசி என்னும் கருவாட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அது பிறந்த வீடு இதுதான். தூத்துக்குடித் தோணிகள் நெடுங்காலமாகக் காய்கறியும் கட்டடச் சாமானும் ஏற்றிக்கொண்டு மாலேக்குப் போய் வந்திருக்கின்றன. அங்கும் படகுக்குத் 'தோனி' என்றே பெயர். சைவ உணவினர்தாம் சற்றுச் சிரமப்படுவார்கள். அரிசியும் வெங்காயமும் உருளைக்கிழங்கும் இந்தியாவிலிருந்து வருகின்றன. 1981-இல் இரு தேசங்களும் செய்துகொண்ட வர்த்தக ஏற்பாட்டின்படி, நம் நாட்டில் ஏற்றுமதிக்குத் தடை இருக்கும் காலத்திலும் இவர்களுக்கு ஓர் அளவு அனுப்பப்படுகிறது. ஆனால் கீரையும் கத்தரிக்காயும் படகு வரும் நாளைப் பொறுத்தவை. படகு காற்றைப் பொறுத்தது.

மதவிஷயமாக ஒரு வார்த்தை. மாலத்தீவு முழுவதும் இஸ்லாமிய தேசம். மதுவும் பன்றி இறைச்சியும் மட்டுமல்ல, பூஜைக்குரிய விக்கிரகங்களும் சுங்கத்தில் தடுக்கப்படும். பிற மத வழிபாடு வெளியில் நடத்தக்கூடாது. சட்டம் இவ்வாறிருப்பதை அறிந்தே போக வேண்டும். போன பிறகு குறைப்பட்டுப் பயனில்லை. மனத்துக்குள் செய்யும் பிரார்த்தனைக்குச் சுங்கச் சாவடி கிடையாது. வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு பள்ளி என்பது பழகுவதற்குத்தான் சில வாரங்கள் பிடிக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மணியடிக்கும்போது உடம்பு சத்தியாக்கிரகம் செய்கிறது.

இவையெல்லாம் சில மாதத்தில் தீர்ந்துபோகும் சங்கதிகள். தீராத சங்கதி ஒன்று உண்டு. அது பாஷை.

இத்தீவுகளில் பழைய நாளில் பிள்ளைகள் 'எதுருகே' என்ற இடத்தில் படித்தார்கள். ஆசிரியர் வீடு என்று அதற்குப் பொருள். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். குர்ஆன் ஓதவும் தாய்மொழியாகிய திவேஹியை எழுதப் படிக்கவும் அங்கே கற்றார்கள். எழுத்தறிவில் இத்தேசம் தலைநிமிர்ந்து நிற்பதற்கு அந்த அஸ்திவாரமும் ஒரு காரணம் என்பது நம் அபிப்பிராயம். 1960-களின் தொடக்கத்தில் மாலேயில் இங்கிலீஷ் வழிக் கல்வி புகுந்தது. பிறகு மற்றத் தீவுகளுக்கும் பரவியது. உயர் வகுப்பு மாணவர்கள் எழுதும் பரீட்சையின் வினாத்தாள் இங்கிலாந்திலிருந்து வருகிறது. அந்தப் பரீட்சைக்குத் தயார் செய்ய உள்ளூரில் ஆசிரியர் போதவில்லை. நாம் அங்கே போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் இதுதான். வேறு எந்த மகத்துவமும் நமக்கில்லை.

ஆகவே வகுப்பில் நடப்பதைச் சற்றுப் பாருங்கள். குழந்தை திவேஹியில் நினைக்கிறது. ஆசிரியர் தமிழில் நினைக்கிறார். இருவரும் பேசிக்கொள்வது இங்கிலீஷில்! இரவல் பாலத்தின் இரு முனையிலும் இருவர் நின்றுகொண்டு, நடுவில் பின்னக் கணக்கை வைத்துப் பரிமாறிக்கொள்ளும் காட்சி அது. தாய்மொழியில் கல்வி வேண்டும் என்று மேடைதோறும் கேட்டு வளர்ந்த நமக்கு, அங்கே அதற்கு மாறான காரியத்தைச் செய்து சம்பளம் வாங்குகிறோமே என்ற உறுத்தல் எழாமல் இல்லை. வேலையை விட்டுவிட்டால் அந்த வகுப்பு ஆசிரியரின்றிக் கிடக்கும். செய்யக்கூடியது ஒன்றே: பாலத்தில் பாதி வழியாவது நாம் எதிர்கொண்டு நடப்பது. பள்ளி முடிந்த பின், சக ஆசிரியை ஒருவரிடம் முதல் வகுப்புப் பிள்ளையைப் போல் உட்கார்ந்து எழுத்துப் பழகினோம்.

அவர்கள் எழுத்துக்குத் தானா என்று பெயர். வலமிருந்து இடமாக எழுதுவது. மொத்தம் 24 எழுத்துக்கள். முதல் ஒன்பது எழுத்துக்களும் அரபு எண்கள் ஒன்று முதல் ஒன்பது வரையிலிருந்து பிறந்தவை. அடுத்த ஒன்பதும் இத்தீவுகளின் பழைய இலக்கங்களிலிருந்து வந்தவை. எண்ணையே எழுத்தாக்கிக்கொண்ட ஜனங்களிடம் கணக்கு வாத்தியாராகப் போகக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்! உயிர்க்குறிகள் மேலும் கீழும் வருகின்றன. உயிரில்லாத மெய்க்கு நாம் புள்ளி வைப்பதுபோல் அவர்களும் தலையில் ஒரு சிறு வட்டம் வைக்கிறார்கள். இதற்கும் முன்பு, பிராமி வழி வந்த எழுத்தில் இடமிருந்து வலமாக எழுதியிருக்கிறார்கள். 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பொறித்த செப்பேடுகள் அதற்குச் சான்று.

இந்தத் தானாவுக்கும் ஒரு கண்டம் வந்தது. 1976-இல், டெலக்ஸ் யந்திரம் ரோமன் எழுத்தை மட்டுமே அறியும் என்ற காரணத்தால், அரசாங்கத்தார் திவேஹியை ரோமன் எழுத்தில் எழுதச் செய்தனர். யந்திரத்துக்காக ஒரு ஜாதி தன் எழுத்தை மாற்றிக்கொள்வதா? 1978-இல் மௌமூன் அப்துல் கயூம் ஜனாதிபதியானார். தானாவும் திரும்பி வந்தது. இன்று டெலக்ஸ் யந்திரத்தைக் கண்காட்சிச் சாலையில் தேட வேண்டும். தானா பள்ளிச் சுவரெங்கும் இருக்கிறது. ஆனாலும் மாலே நகரத்துக் குழந்தைகள் விளையாடும்போதுகூடத் தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொள்கிறார்கள் என்று பெரியவர்கள் வருந்துகிறார்கள். இது நமக்குப் புதிய வருத்தமா என்ன?

எண்ணுப்பெயர்களைக் கேட்டதும் நமக்கு வியப்பு உண்டாயிற்று. எகெஹ், தேய், தினெஹ், ஹதரெஹ், ஃபஹெஹ் என்று அவர்கள் எண்ணுவது சிங்களத்தின் உறவு, வடமொழியின் சாயல். அதைவிட வியப்பானது அவர்களுடைய 'நகை' பஞ்சாங்கம். ஆண்டை 27 பகுதியாக்கி, ஒவ்வொன்றுக்கும் 13 அல்லது 14 நாள் கொடுத்து, காற்றையும் மழையையும் மீன் வரவையும் அதைக்கொண்டு கணிக்கிறார்கள். பகுதிகளின் பெயர்களைக் கேளுங்கள்: அஸ்ஸிதா, புருணு, கெதி, ரோணு. அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி என்று நம் பாட்டிமார் விரல் மடக்குவார்களே, அவைதாம் கடலில் நீந்திக் கரையேறியிருக்கின்றன! 'மா' என்று ஒரு பையன் சொன்னதும் 'மகம்' என்று நாம் கரும்பலகையில் தமிழில் எழுதினோம். 'ஹிதா' என்றான், 'சித்திரை' என்று எழுதினோம். அன்று பின்னக் கணக்கு நடக்கவில்லை. ஆனால் அதுவரை வாயே திறவாத கடைசிப் பெஞ்சு, தன் தகப்பனார் எந்த நகையில் எந்தத் திசைக்குப் படகு செலுத்துவார் என்பதை மூன்று பாஷை கலந்து சொல்லிற்று. மறுநாள் 27 பகுதிகளின் நாட்களைக் கூட்டி 365 வருகிறதா என்று பார்க்கச் சொன்னோம். தூண்டிலும் கழியும் கொண்டு ஒவ்வொன்றாகச் சூரை பிடிப்பவனின் மகன் அதை முதலில் முடித்தான்.

நல்ல ஆசிரியர் உள்ளூரிலேயே உருவாகி வருகிறார்கள். 2011-இல் மாலத்தீவு தேசியப் பல்கலைக்கழகம் ஏற்பட்டிருக்கிறது. ஆண்டுதோறும் அயல்நாட்டார் இருந்த நாற்காலிகளில் சில, உள்ளூர்ப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்கின்றன. ஊரிலிருந்து வரும் கடிதங்களில் "ஒப்பந்தம் புதுப்பித்தாயிற்றா?" என்ற கேள்வி தவறுவதில்லை. நம் கணித வகுப்புக்கு அடுத்த தீவைச் சேர்ந்த இளம் பெண் ஒருவர் பயிற்சி முடித்து வருகிறார் என்று தலைமையாசிரியர் தெரிவித்திருக்கிறார். பூகோளம் இன்னும் ஓராண்டு நம்மிடம் இருக்கும். பின்னக் கணக்குக்கு நாம் எழுதிவைத்த குறிப்புக்களை, திவேஹிச் சொற்களோடு சேர்த்து, அவருக்காகப் படி எடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தருவதாக மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் இருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.